அரைக் கதவு, முக்கால் கதவு

ஜனவரி 12

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் மகள் சிட்டு நலம். உன் அண்ணியும் வழக்கம்போல் நலம், அதாவது காலையில் காபி கொடுத்த கையோடு என்னைத் திட்ட ஆரம்பித்திருக்கிறாள், இன்னும் முடிக்கவில்லை.

நீ பெயர் கொடுத்துவிட்டுப் போன அந்தப் பெற்றோர் பயிற்சி தொடங்கிவிட்டது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் போன் திரையில் வகுப்பு. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுச் சட்டை மாற்றி உட்கார்ந்தேன். ஆறு கட்டத்தில் ஆறு வீட்டுக்காரர்கள், மேலே டீச்சர். மற்ற எல்லாரும் அப்பா, அம்மா. தாய்மாமன் என்று நான் ஒருவன்தான். நான் தொண்டையைக் கனைத்ததுமே மற்ற ஐந்து கட்டமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. அரைமணி நேரத்தில் டீச்சரே என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாக்கியம் பேசினார் என்றால் நீ நம்பமாட்டாய். நம்பு.

பாடம் இதுதான். கழிவறைக்குப் போய்வருவது நமக்கு ஒரு வேலை. சிட்டு மாதிரி ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அது பத்து வேலை. பத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஒரு படம் ஒட்டி, ஒவ்வொன்றாகப் பழக்கவேண்டும். இதைத்தான் இருபத்திரண்டு வருஷமாக என் வெல்டிங் பட்டறையில் செய்கிறேன். கேட் என்பது ஒரே சாமானா? சட்டம், கம்பி, கீல், தாழ்ப்பாள். இதை வகுப்பில் எடுத்துச் சொன்னேன். டீச்சர் அசந்துபோய்விட்டார். படங்களில் இருப்பதும் என் கைதான். வேறு யார் கையும் அவ்வளவு தெளிவாக விழவில்லை.

இனி உனக்குப் பிடிக்காத சேதி. உன் நாத்தனார் வந்திருந்தாள். உட்காரக்கூட இல்லை. பிளாஸ்டிக் உறையில் ஒரு படிவம். எங்கோ நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு விடுதியாம், உள்ளே விட்டால் வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாமாம். "ஒன்பது வயசாச்சு. இன்னும் ஒரு ஆள் கூடவே நின்னு கழுவி விடணும். எத்தனை நாளைக்கு? தம்பி கையெழுத்துப் போட்டுட்டான். கட்டில்கூடச் சொல்லி வெச்சாச்சு" என்றாள். உன் வீட்டுக்காரர் வரவில்லை. அவருக்கு வாயும் காலும் அக்காதானே.

நான் விட்டேனா? "அவ தனியா போயிட்டு வருவா, பார்க்கறீங்களா?" என்றேன். "ஜூன் பத்தாம் தேதி வர்றேன். அன்னிக்கு அவ தனியா போய், தனியா முடிச்சுட்டு வந்தா இந்தப் பேப்பரை நானே கிழிக்கிறேன். இல்லேன்னா பெட்டியைக் கட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யார் பேசுகிறாள் பார்! தன் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் கண்ணில் பிள்ளை படக்கூடாதென்று கழிவறைக்குள் தள்ளி, வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டு, இரண்டு மணி நேரம் மறந்தவள். அன்றிலிருந்து எந்தக் கதவைச் சாத்தினாலும் சிட்டு சுவரில் தலையை மோதிக்கொள்கிறாள். பூட்டியவளே வந்து, போகத் தெரியவில்லை என்கிறாள்.

ஜூன் பத்தாம் தேதி அவள் மூஞ்சியில் நான் பூசுகிற கரி ஏழு சோப்புக்கும் போகாது. நீ கவலைப்படாதே. முதல் நாளே சிட்டு மூன்று படி கற்றுக்கொண்டுவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


ஜனவரி 30

அண்ணா,

கடிதம் கிடைத்தது. இந்த இரண்டு வருஷ ஒப்பந்த வேலை அப்படியேதான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் வெளுத்து, தேய்க்கும் உருளையில் விட்டு, நான்காக மடிக்கவேண்டும். ஒரு நாளைக்கு எழுநூறு. விரல் நுனியில் ரேகை போய்விட்டது. வருகைப்பதிவு மிஷின் என் விரலை ஏற்பதில்லை.

நான் ஏன் போனில் பேசுவதில்லை என்று அண்ணி கேட்டாளாம். அவளிடம் சொல். உன்னோடு பேசி யாரும் ஜெயித்ததில்லை. நீ சொன்ன பொய்யைப் பிடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுவாய். காகிதத்தில் எழுதினால் பொய் போட்ட இடத்திலேயே கிடக்கும். விரல் வைத்துக் காட்டலாம். காட்டுகிறேன்.

"முதல் நாளே மூன்று படி" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பயிற்சியில் பெற்றவள் என்று இருப்பது என் பெயர். வாரம்தோறும் வீடியோவும் குறிப்பும் டீச்சர் எனக்குத்தான் அனுப்புகிறார். உனக்கு இது தெரியாது. முதல் வாரக் குறிப்பை அப்படியே எழுதுகிறேன்: "மாமா அதிகம் பேசுகிறார். குழந்தை காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு சோப்புப் பெட்டியை எறிந்தாள். மாமா அதில் வழுக்கி விழுந்தார். கற்ற படிகள்: பூஜ்யம்."

வீடியோவும் இருக்கிறது. நீ விழுகிற இடத்தை இங்கே அறையில் இருக்கிற ஐந்து பெண்களுக்கும் போட்டுக் காட்டினேன். இந்த ஊருக்கு வந்து நான் சிரித்தது அன்றுதான்.

மறந்துவிட்டாயோ என்று ஞாபகப்படுத்துகிறேன். "மாப்பிள்ளைக்கு மூன்று கடை, தங்கமான குடும்பம், அக்கா ஒரு பூ மாதிரி" என்று சொல்லி இந்தக் கல்யாணத்தைப் பண்ணி வைத்தவன் நீ. மூன்று கடையிலும் அவர் சாமான் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். பூ எப்படிப்பட்டது என்று நீயே இப்போது பார்த்துவிட்டாய். சிட்டுவை வேறு இடத்தில் விட்டுவிட்டு வர எனக்கு வழி இருந்தது. உன்னிடம்தான் விடவேண்டும் என்று விட்டேன். பன்னிரண்டு வருஷம் நான் பட்டதில் இரண்டு வருஷமாவது நீ கழுவு. பழி என்றே வைத்துக்கொள்.

ஆனால் அந்தப் பொம்பளை விஷயம் வேறு. அதில் நீயும் நானும் ஒரே பக்கம். ஜூன் பத்து. எப்படிச் செய்வாயோ, செய். என்ன நடக்கிறதோ அதை மட்டும் எழுது.

தங்கை


பிப்ரவரி 20

அன்புத் தங்கச்சிக்கு,

டீச்சர் இப்படிக் கோள் மூட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. விழுந்தது உண்மை. ஆனால் நான் வழுக்கவில்லை, பிள்ளை மேல் விழக்கூடாதென்று வேண்டுமென்றே பக்கவாட்டில் சாய்ந்தேன். வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார், தெரியும்.

கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டாய். அதற்கு நான் பதில் எழுதவில்லை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கிழித்தேன். போகட்டும்.

இப்போது பேச்சைக் குறைத்துவிட்டேன். டீச்சர் சொல்லிக்கொடுத்த முறை தலைகீழானது. கடைசிப் படியைத்தான் முதலில் கற்றுக்கொடுக்கவேண்டும். ஒன்பது படியையும் அவள் கைமேல் நம் கையை வைத்து நாமே நடத்தி முடித்து, பத்தாவதை மட்டும் அவளிடம் விடவேண்டும். ஈரக் கையைத் துண்டில் துடைத்து, துண்டைக் கொக்கியில் மாட்டுவது பத்தாவது. வேலை முடிந்த சந்தோஷம் அவளுடையதாகிவிடும். அது பழகியபின் ஒன்பதாவதையும் விடவேண்டும், பிறகு எட்டு. உதவியும் அப்படித்தான் தேயவேண்டும். முதலில் கையைப் பிடிப்பது, பிறகு முழங்கையைத் தொடுவது, பிறகு விரலால் காட்டுவது, பிறகு சும்மா நிற்பது. சும்மா நிற்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். நான் சொல்லவில்லை, உன் அண்ணி சொல்கிறாள், என்னைப் பார்த்து.

துண்டு மாட்டுவது முழுசாக வந்துவிட்டது. இது பொய் இல்லை, டீச்சரிடம் கேள். பிஸ்கட்டைக்கூட அவள் துண்டை மாட்டிய பிறகுதான் வாங்கிக்கொள்கிறாள். துண்டு கோணலாக இருந்தால் திரும்பப் போய் நேராக்குகிறாள். எங்கள் பட்டறையில் அப்படி ஒரு ஆள் இல்லை.

கதவுதான் சிக்கல். கதவைச் சாத்துவது முதல் படி, அதனால் அதைக் கடைசியாகத்தான் பழக்குவோம். ஆனால் கதவு கண்ணில் பட்டாலே அவள் உள்ளே கால் வைப்பதில்லை. டீச்சர் யோசித்தார். நான் யோசிக்கவில்லை, ஸ்பேனரை எடுத்துக் கீலைக் கழற்றிக் கதவையே பிடுங்கி வெளியே சாய்த்துவிட்டேன். பிள்ளை உடனே உள்ளே போனாள். உன் அண்ணி இரண்டு வாரமாகக் குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். "பொண்டாட்டி மானத்தைக் கழற்றி வெளியில சாய்ச்ச முதல் ஆம்பளை நீங்கதான்" என்றாள்.

அதற்கும் வழி கண்டுபிடித்தேன். தகரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கால் கதவு அடித்து மாட்டினேன். சிட்டு ஒரு வாரம் அதை முறைத்தாள். பிறகு பழகிவிட்டாள். இப்போது அரைக் கதவு. அடுத்து முக்கால் கதவு. கடைசியில் முழுக் கதவு, அவள் தோள் உயரத்தில் உள்தாழ்ப்பாள், எண்ணெய் போட்டு, ஒரு விரலால் தள்ளினால் நகரும்படி. டீச்சர் இதைக் குறித்துக்கொண்டு மற்ற ஊர் டீச்சர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறாராம். உலகமே இனி கால் கதவு அடிக்கப்போகிறது.

ஒவ்வொரு படி முடிந்ததும் உன் நாத்தனாரை நினைத்துக்கொள்கிறேன். நினைத்தால் எனக்குப் பலம் வருகிறது.

உன் அண்ணன்


மார்ச் 28

அண்ணா,

நேற்று வந்த வீடியோவில் எட்டாவது படியிலிருந்து அவளாகவே செய்தாள். குழாயைத் திறந்தாள். சோப்பை உள்ளங்கையில் இரண்டு முறை உருட்டினாள், படத்தில் உள்ள மாதிரியே. அலசினாள். துண்டில் துடைத்தாள். மாட்டினாள். நான் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு நன்றி எழுதலாம் என்று பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்போது அவள் பேசினாள்.

ஒன்பது வருஷம். எத்தனை டாக்டர், எத்தனை பயிற்சி. என் வாயை அவள் விரலால் தொடவைத்து "அம்மா, அம்மா" என்று எத்தனை ஆயிரம் தடவை. ஒரு எழுத்து வந்ததில்லை. நேற்று துண்டை மாட்டிவிட்டுத் திரும்பி நின்று, கடையில் சாமான் கேட்கிற மாதிரி தெளிவாகச் சொல்கிறாள்: "அத்தை, வெளியே நில்லு."

யார் சொல்லிக்கொடுத்தது?

என் மகள் வாயில் வந்த முதல் வார்த்தை அவளா? அந்தப் பொம்பளையா?

பதில் எழுது. கதை எழுதாதே.


ஏப்ரல் 14

தங்கச்சிக்கு,

நான்தான்.

சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக. என் வாய்க்கு ஒரு வேலை வேண்டாமா? டீச்சர் பேசாதே என்கிறார். கையைப் பிடித்துச் சோப்புப் போட்டு, அலசி, துண்டு வரை கொண்டுவருவதற்குள் ஒரு நாளைக்கு என் முதுகு ஆறு தடவை ஒடிகிறது. அந்தக் கடைசி நிமிஷத்தில், அவள் துண்டை மாட்டுகிற நேரத்தில், உன் நாத்தனார் வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, வீடியோ ஓடாத நேரமாகப் பார்த்து, சும்மா என் ஆத்திரத்துக்கு, "அத்தை, வெளியே நில்லு!" என்று ஒரு அதட்டல் போடுவேன். அவளை வெளியே நிற்கவைப்பதாக ஒரு திருப்தி. நாளுக்கு ஆறு தடவை, மூன்று மாசம். பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னை அவள் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

டீச்சர் தலையில் கை வைத்துவிட்டார். "சார், பத்துப் படிதான் நான் கொடுத்தேன். நீங்க பதினொண்ணாவது ஒண்ணு சேர்த்துட்டீங்க. அவளைப் பொறுத்தவரைக்கும் அந்த வார்த்தை சொன்னாத்தான் வேலை முடிஞ்சது" என்றார். மற்ற ஐந்து கட்டமும் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அவமானம் என்றால் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. இதுவரை கேள்விப்பட்டதுதான்.

மாற்றப் பார்த்தேன். நான் அதட்டுவதை நிறுத்தினேன். அவளே சொல்லிக்கொண்டாள். அந்த இடத்தில் "அம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணியும் சொன்னாள். உன் போட்டோவை நீட்டி "அம்மா" என்றோம். சிட்டு போட்டோவை வாங்கி, நேராகப் பிடித்து, துண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கொக்கியில் மாட்டினாள். மாட்டிவிட்டு, ஈரக் கையால் என் வாயைப் பொத்தி, அதையேதான் சொன்னாள். எல்லாரையும் அத்தை என்றுதான் சொல்கிறாள். என்னையும். பால்காரரையும்.

நீ என்ன தண்டனை சொன்னாலும் சரி. பட்டறையைச் சாயங்காலம் மூடிவிட்டு வந்து பழக்குகிறேன், வார்த்தை போகிறவரை.

போட்டோ இன்னும் கொக்கியில்தான் இருக்கிறது. எடுத்தால் கத்துகிறாள்.

உன் அண்ணன்


மே 6

அண்ணா,

பழக்காதே. விடு.

அந்த வீடியோவைக் கணக்கில்லாமல் போட்டுப் பார்த்துவிட்டேன். அறையில் இருக்கிறவர்கள் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேள் என்று கெஞ்சுகிறார்கள். முதலில் "அத்தை" மட்டும்தான் என் காதில் விழுந்தது. நெஞ்சு எரிந்தது. பிறகு "வெளியே நில்லு" விழ ஆரம்பித்தது. விரிப்பை உருளையில் விடுகிறபோதெல்லாம் எனக்கு அதுதான் கேட்கிறது. யாரிடம் சொல்லவேண்டுமோ அவளிடம் நான் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தை. என் சமையலறைக்குள் வந்து பாத்திரத்தைத் திறந்து பார்த்தபோது சொல்லியிருக்கவேண்டும். பிள்ளை பிறந்த மூன்றாம் மாசம் "இதுக்கு என்னமோ குறை" என்று தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தபோது சொல்லியிருக்கவேண்டும். தாழ்ப்பாளைத் திறந்து பிள்ளையை வெளியே எடுத்தபோது, நெற்றி வீங்கி, உடுப்பெல்லாம் நனைந்து, அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். "விருந்தாளிங்க இருக்காங்க, சத்தம் போடாதே" என்றாள். நானும் போடவில்லை.

என் மகள் சொல்லட்டும். பேரோடு சொல்லட்டும். ஜூன் பத்து அன்று அவளைக் கழிவறைக்குப் பக்கத்திலேயே நிற்கவை. ஒவ்வொரு எழுத்தும் காதில் விழவேண்டும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவை. அவள் வீட்டு விருந்தில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேரைக் கூப்பிட முடிந்தால் கூப்பிடு.

அவள் முகம் எப்படிப் போயிற்று என்று எழுது. அந்த ஒரு இடத்தில் மட்டும் நீ எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டி எழுதலாம்.

முழுக் கதவு மாட்டியாயிற்றா?

தங்கை


ஜூன் 11

தங்கச்சிக்கு,

கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. படி.

முழுக் கதவை ஆறாம் தேதிதான் மாட்டினேன். நான்கு நாளும் சிட்டு அதைத் தொடவில்லை. திறந்தபடி விட்டுவிட்டு மற்ற ஒன்பது படியையும் தனியாகச் செய்தாள். முதல் படி மட்டும் இல்லை. உனக்கு எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நேற்றுக் காலை பட்டறைக்குப் போகாமல் அந்தத் தாழ்ப்பாளுக்கே பத்துத் தடவை எண்ணெய் போட்டேன்.

பதினோரு மணிக்கு உன் நாத்தனார் வந்தாள். அதே பிளாஸ்டிக் உறை. நான் பக்கத்து வீட்டம்மாவையும் பால்காரரையும் கூப்பிட்டு வைத்திருந்தேன். சர்க்கரை டப்பாவில் போன், அதில் டீச்சர். நோட்டில் பதினோரு வசனம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன், அவள் தோற்றதும் சொல்ல. முதல் வசனமே கேட்டால் அவள் ஊரை விட்டே போயிருப்பாள்.

சிட்டு எழுந்தாள். சுவரில் முதல் படத்தைத் தொட்டாள். உள்ளே போனாள். கதவு திறந்துதான் இருந்தது. உன் நாத்தனார் பின்னாலேயே போய் ஒரு காலை நிலைக்கு உள்ளே வைத்தாள். "நான் பார்க்கணும்ல? உள்ளே யாரை ஒளிச்சு வெச்சிருக்கீங்களோ, யாருக்குத் தெரியும்?" என்றாள்.

சிட்டு அந்தக் காலைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். இதோ தலையை மோதப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் குனிந்தாள். உன் நாத்தனாரின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து, நிலைக்கு வெளியே எடுத்து வைத்தாள். தரையில் கிடக்கிற செருப்பை எடுத்து ஓரமாக வைக்கிற மாதிரி. எடுத்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். முழுக் கதவை. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

போனுக்குள் டீச்சர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்றால் எங்களுக்கு அவர் முகம் தெரியாது என்பதையே மறந்துவிட்டார்.

எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம்தான். தண்ணீர். பிறகு சும்மா. பிறகு குழாய். குழாய் நின்றது. கொக்கியில் துண்டு உரசியது. நான் என் முதல் வசனத்துக்கு மூச்சு இழுத்தேன். உள்ளேயிருந்து கணீரென்று வந்தது: "அத்தை, வெளியே நில்லு."

அவள் முகத்தைப் பார்த்தேன். நீ சொன்னாயே என்று பார்த்தேன். அது போகவே இல்லை, தங்கச்சி. ஒருமாதிரி இளகிவிட்டது. செருப்பு அலமாரி மேல் அப்படியே உட்கார்ந்தாள். "யாரைக் கூப்பிட்டா?" என்றாள். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "என்னையா? அத்தைன்னா? இவளுக்குப் பேச வருமா?" என்றாள். கண்ணில் தாரையாக வழிகிறது. துடைக்கவில்லை. எழுந்துபோய்க் கதவில் கன்னத்தை வைத்து, "அத்தைதான்டா கண்ணு. வெளியேதான் நிக்கிறேன்" என்றாள்.

படிவத்தை அவளே கிழித்தாள். நான்காக.

"அது கூப்பிட்டதில்லைங்க, உங்களைத் துரத்தினது" என்று நான் சொல்லியிருக்கலாம். என் நான்காவது வசனம்கூட ஏறக்குறைய அதேதான். வாய் வரவில்லை. படிவம் முழுசாகக் கிழியட்டும் என்று ராஜதந்திரமாகச் சும்மா இருந்தேன் என்று வைத்துக்கொள்.

பிள்ளை போகவில்லை. நம்மிடம்தான் இருக்கிறாள். நாம் ஜெயித்துவிட்டோம். ஆனால் அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போகிறாள், "பெத்தவளைக்கூட இல்ல, என்னைத்தான் முதல்ல கூப்பிட்டா" என்று. ஞாயிறுதோறும் வந்து பார்க்கட்டுமா என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

உன் அண்ணன்


ஜூன் 28

அண்ணா,

பெத்தவளைக்கூட இல்லையாமா.

அவளிடம் போய்ச் சொல். இன்றைக்கே சொல். அது பாசம் இல்லை, ஒரு குடிகாரன் நாயைத் துரத்துகிற மாதிரி என் அண்ணன் மூன்று மாசம் அவளைத் துரத்திய சத்தம் என்று சொல். அழுத கண்ணை அப்போது துடைத்துக்கொள்ளட்டும். அவள் கன்னத்தை வைத்த இடத்தைக் கதவில் தேய்த்துக் கழுவு. நீயும் வாயை மூடிக்கொண்டு நின்றாயாக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயை மூடினாய், அதுவும் இந்த நாளில்.

மேலே உள்ளதை எழுதி நான்கு நாள் ஆகிறது. தபாலில் போடவில்லை.

சிட்டு அவள் காலைத் தூக்கி வெளியே வைத்த வீடியோ வந்தது. டீச்சர் அனுப்பினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே போட்டால் ஒரு சத்தம், உள்ளே போட்டால் ஒரு சத்தம். இரண்டும் எனக்குத் தெரியும்.

அவள் வரட்டும். சொல்லவேண்டாம். சொன்னால் ஒரு நாள் அழுதுவிட்டு, வீட்டுக்குப் போய், நம்மைத் திட்டி ஆறிவிடுவாள். அது போதாது. இரண்டு மணி நேரம் என் மகளை உள்ளே வைத்தாள். நூற்றிருபது நிமிஷம். சிட்டு ஒரு தடவை போய்வர எட்டு நிமிஷம் ஆகிறது என்று குறிப்பில் இருக்கிறது. ஞாயிறுக்கு ஒரு தடவை என்றால் பதினைந்து ஞாயிறு. பதினைந்து ஞாயிறும் அவள் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கட்டும். உட்கார எதுவும் கொடுக்காதே. செருப்பு அலமாரியை எடுத்துவிடு. அவள் பாசத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு நிற்கட்டும். எதற்கு நிற்கிறாள் என்று எனக்கும் உனக்கும் தெரிந்தால் போதும்.

பதினாறாவது ஞாயிறு நான் விடுப்பில் அங்கே இருப்பேன். அப்போது நானே சொல்கிறேன்.

வார்த்தையை மாற்றாதே. என்னையும் அவள் அத்தை என்றே கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். போட்டோ கொக்கியிலேயே இருக்கட்டும்.

உனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது. நான் மறக்கவில்லை. ஆனால் தாழ்ப்பாள் நன்றாகச் செய்திருக்கிறாய்.

தங்கை


ஜூலை 19, ஞாயிறு

தங்கச்சிக்கு,

செருப்பு அலமாரியைப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டேன். நாற்காலிகளை மாடிக்கு ஏற்றிவிட்டேன். உன் அண்ணி சமையலறையில் உட்காரும் பலகையையும் மறைத்துவிட்டாள், நான் சொல்லாமலே.

இன்று முதல் ஞாயிறு, சரியாகப் பத்தே முக்காலுக்கு உன் நாத்தனார் வந்தாள். முழங்காலில் வலியாம், கட்டு போட்டிருந்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "உட்கார ஒண்ணும் இல்லையா?" என்றாள். "இல்லைங்க" என்றேன். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள். "அவ வர்ற வரைக்கும்" என்றேன். தலையாட்டிவிட்டு நின்றாள்.

சிட்டு போனாள். கதவு, தாழ்ப்பாள். எட்டு நிமிஷம் என்று நீ எழுதியிருந்தாய். இன்று பதினொன்று ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். தண்ணீர், குழாய், துண்டு. தாழ்ப்பாள் திறந்தது. சிட்டு கதவை ஒரு சாண் திறந்து எட்டிப் பார்த்தாள். உன் நாத்தனார் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

சிட்டு அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். நிலைக்கு வெளியேதான் இருந்தது. "அத்தை, வெளியே நில்லு" என்றாள். கதவைத் திரும்பச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தலையை மோதவில்லை. கொக்கியில் உன் போட்டோ அசைகிற சத்தம்தான் எப்போதாவது.

கதவு சாத்தி முப்பத்தைந்து நிமிஷம் ஆகிறது. இதை அந்த நடையிலேயே, தரையில் உட்கார்ந்து, முழங்காலில் நோட்டை வைத்து எழுதுகிறேன். உன் நாத்தனார் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். இப்போதுதான் என்னைப் பார்த்து, "கதவைத் தட்டட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். நிற்கிறாள்.

உன் அண்ணன்